உன் அப்பாவின் சூளைமேல் புகார் கொடுத்தவள்

என் பிள்ளைக்கு,

கல்யாண வேலைகளைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றுமில்லை. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, சமையல்காரருக்குச் சொல்லியாயிற்று, மிச்சத்தை உன் அப்பா பார்த்துக்கொள்கிறார். இந்தக் கடிதம் அதற்காக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மருமகளாக வரப்போகிற மலரும் அவள் அம்மாவும் வீடு பார்க்க வந்திருந்தார்கள் இல்லையா? அப்போது மலர் பின்பக்கம் நின்று, காய வைக்கும் கொட்டகைக்கு அப்பால் இருக்கிற கறுத்த செங்கல் சுவரைப் பார்த்துவிட்டு, "அது என்னா அத்த, தீப்பிடிச்ச வீடு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். நீ முந்திக்கொண்டு, "அப்பாவோட பழைய கொப்பரச் சூளை. தேங்கா வெல எறங்கிப் போச்சின்னு மூடிட்டாரு" என்றாய். அந்தப் பதிலை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நீ அப்போது கிள்ளானில் மாமா வீட்டில் தங்கித் தொழிற்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு வந்தபோது சூளை அணைந்து கிடந்தது. ஏன் என்று கேட்டாய். வாயில் வந்ததைச் சொன்னேன். தேங்காய் விலை இறங்கியது உண்மைதான். ஆனால் சூளை அணைந்தது அதனால் இல்லை. நான் போய்ப் புகார் கொடுத்தேன், அதனால்தான் அணைந்தது.

இதை இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய். அன்றைக்குச் சாப்பிடும்போது உன் தொழிற்சாலையைப் பற்றி நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய், அதனால் எழுதுகிறேன். விருந்தாளிகள் முன்னால் உன்னை எதுவும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் வீட்டில் நடந்ததைக் கேள்.

உன் அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர் என்பது உனக்குத் தெரியும். தென்னையை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நடப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், தோட்டத்தில் கொடுத்த லயத்து வீடும் நிலைக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. புக்கிட் ரோத்தானில் ஒரு சீன முதலாளி, தவுக்கே, வயதாகிவிட்டதென்று தன் கொப்பரைச் சூளையைக் கொடுத்துவிட்டுப் போக இருந்தார். அப்பா அதை எடுத்துக்கொண்டார், அதை ஒட்டிய வீட்டுக்கே நாமும் குடிவந்தோம். அதுவரை யாருக்கோ வேலை செய்த மனிதர், முதல்முறையாகத் தன் அடுப்பில் தானே நெருப்பு வைத்தார். அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சுற்றிலும் உள்ள கம்பத்துக் கிராமத் தோப்புகளில் காய் வாங்கி லோரியில் ஏற்றிக்கொண்டு வருவார். உரித்து, இரண்டாக வெட்டி, மரச்சட்டங்களின் மேல் பரப்பி, அடியில் உரித்த மட்டையைக் கொளுத்திப் புகைய விடுவார்கள். பருப்பு காய்ந்து சுருங்கிக் கொப்பரையாகும்வரை அந்த நெருப்பு அணையக் கூடாது. நெருப்பைப் பார்த்துக்கொள்ள முனியாண்டி இருந்தான். அவன் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். நம் வீட்டுச் சோற்றில் புகை வாசம் அடிக்கும். நீ கிள்ளானுக்குப் போன புதிதில், உன் சட்டையில் என்ன நாற்றம் என்று மாமி கேட்டதாக எழுதியிருந்தாய். உனக்கு ஞாபகம் இருக்காது.

புகையில் இருந்து பழகிவிட்டால் புகை தெரியாது. எனக்குத் தெரிய வைத்தது பக்கத்து வீட்டு ரொக்கியாவின் மகள். ஐனி என்று பெயர், அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிது. ரொக்கியாவின் புருஷன் இஸ்மாயில் நீர்ப்பாசன இலாகாவில் மதகு திறக்கிற வேலையில் இருந்தார். நல்ல மனிதர்கள். ஒரு நாள் மத்தியானம் ரொக்கியா அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உதடு நிறம் மாறிவிட்டது. இஸ்மாயில் வேலையில் இருந்தார். அப்பா ஏற்றிக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே போட்டுவிட்டு, அவர்களை லோரியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் ஹாரனிலிருந்து அவர் கையெடுக்கவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது அப்பா லோரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன், உன் அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் அதே கையால்தான் சூளைக்கு மட்டை அடுக்கினார்.

"அந்தப் புள்ளைக்கு நம்ம பொகதாங்க ஆவல" என்றேன்.

"டாக்டரு தூசுன்னுதான சொன்னாரு? பொகன்னு சொன்னாரா?"

"பொகபோக்கியயாவது ஒசத்திக் கட்டுங்க."

"கட்டலாம், கட்டலாம். இந்தச் சரக்கு போவட்டும்."

அந்தச் சரக்கு போனது. அடுத்த சரக்கும் போனது. நான் கேட்பேன், அவர் கட்டலாம் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சொல்லும்போது கட்டத்தான் நினைத்திருப்பார். இதற்கிடையில் ரொக்கியா ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சொல்லவே இல்லை. புகை அவர்கள் பக்கம் திரும்பினால் கொடியில் கிடக்கும் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். நோன்புப் பெருநாளுக்குத் தட்டு நிறையப் பலகாரம் கொடுத்துவிட்டாள். தன் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். அந்தப் பலகாரத்தை என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிக் கோல சிலாங்கூர் போனேன். மார்க்கெட்டுக்கும் போனேன், மீனும் வாங்கினேன். பிறகு அரசாங்க அலுவலகத்துக்குப் போய் விசாரித்து, புகையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்து, மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த பையன் மலாய்க்காரன், மரியாதையாகப் பேசினான். கொப்பரைச் சூளையில் புகை அதிகம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "யாருடைய சூளை?" என்று கேட்டான். "சுவாமி சாயா பூஞா" என்றேன். என் புருஷனுடையது என்று அர்த்தம், மலாயில் புருஷனைச் சுவாமி என்றுதானே சொல்ல வேண்டும்? அவன் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏதாவது வீட்டுச் சண்டையா என்று கேட்டான். இல்லை, அவர் நல்லவர், ஆனால் நான் சொன்னால் கேட்க மாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் பயம் வந்தது. சூளையை அடியோடு மூடச் சொல்லிவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி, உன் படிப்புக்கு என்ன வழி என்று அப்போதுதான் யோசித்தேன். போவதற்கு முன்னால் யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் சொல்லலாம் என்று நானும் அவரைப் போலவே தள்ளிக்கொண்டிருந்தேன். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். காமில் என்று பெயர், மலாயில் ஐயா என்பதற்கு என்சிக் என்பார்கள், என்சிக் காமில்; வயது குறைவு. சின்ன அட்டை ஒன்று கொண்டுவந்திருந்தார். அதில் வெளிர் சாம்பல் நிறத்திலிருந்து கறுப்புவரை கட்டம் கட்டமாக இருந்தது. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நம் புகை எந்தக் கட்டத்தின் நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தார். பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் புகையைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூளைக்கு உரிமம் கிடைக்காது என்றார். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். விவசாய இலாகாவில் வெயிலில் காய வைக்கும் கொட்டகை கட்டச் சொல்லித் தருகிறார்கள், கூரைக்குப் பிளாஸ்டிக் விரிப்பும் மரத்தில் பாதியும் கொடுக்கிறார்கள், மிச்ச மரத்தையும் கூலியையும் நாம் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். அப்பா காதில் அது விழவே இல்லை. புகார் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்டார். அதைச் சொல்வதற்கில்லை என்றார் அதிகாரி.

அவர் மோட்டார் சைக்கிள் ரோட்டில் ஏறியதும் அப்பா பக்கத்து வீட்டைப் பார்த்தார். "கவர்மெண்டுல வேல செய்றவன் இல்ல? ஆளத் தெரிஞ்சிருக்கும். எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லத் துப்பில்ல. புள்ளையத் தூக்கிட்டு ஓடினேனே, அதுக்கு இதுதான் கூலியா?" என்று கத்திக்கொண்டே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். வேலிக் கதவில் கை வைத்துவிட்டார். அன்றைக்குக் காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் அந்தப் பக்கம் ரொக்கியா மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். இவருக்குக் கோபம் வந்தால் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். தமிழர் மலாய்க்காரர் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டால், அதைப் பிறகு யாராலும் அள்ள முடியாது. நான் ஓடிப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்க இல்லங்க. நாந்தான்."

"நீ என்னா?"

"நாந்தான் போயிச் சொன்னேன். மீன் வாங்கப் போனனே, அன்னைக்கு."

அவர் என்னை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கதவிலிருந்து கையை எடுத்தார். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார். "நம்ம வீட்லேருந்தா போச்சி" என்று மட்டும் சொன்னார். பிறகு சூளைப் பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து சாப்பாடு, தூக்கம் எல்லாம் சூளைக் கொட்டகையில்தான். நான் சமைத்து முனியாண்டியிடம் கொடுத்தனுப்புவேன். கழுவாத பாத்திரம் திரும்பி வரும், பேச்சு வராது. முனியாண்டியும் என்னிடம் கோபமாகத்தான் இருந்தான். "அக்கா, நம்ம அடுப்புல நீங்களே தண்ணி ஊத்திட்டீங்களே" என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

பேசாமல் இருந்தாலும் அப்பா சும்மா இருக்கவில்லை. மூன்று மாதம் ஓடிக்கொண்டிருந்தது. விவசாய இலாகாவுக்கு அவராகவே போனார். வந்த பொருள்களை இறக்கி வைத்துவிட்டு, "வெயில்ல காய வெக்கிறதுக்கும் கவர்மெண்டு வந்து சொல்லித் தரணுமாம்" என்று முனியாண்டியிடம், எனக்குக் கேட்கும்படி சொன்னார். கொட்டகை ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. மரச்சட்டம் அடித்து, மேலேயும் பக்கத்திலும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் விரிப்பு இழுத்துக் கட்டினார்கள். தரையில் கறுப்புச் சாயம் பூசிய தகரம் போட்டார்கள். வெயில் பட்டால் தகரம் கொதிக்கும், சூடான காற்று தட்டுகளுக்கு நடுவில் புகுந்து மேலே உள்ள இடுக்கு வழியாக வெளியே போகும். முதல் நாள் மத்தியானம் அப்பா உள்ளே போய்விட்டு வேர்வையில் குளித்துக்கொண்டு வெளியே வந்தார். வந்து என்னைப் பார்த்து, "உள்ள போயிப் பாரு, அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அதுதான் அவர் என்னோடு மறுபடி பேசிய முதல் பேச்சு. அன்றைக்கு இரவு வீட்டில் வந்து சாப்பிட்டார்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வெயில் இருந்தவரை கொப்பரை வெள்ளையாக, புகை வாசம் இல்லாமல் வந்தது. தோப்புக்காரர்கள் கொக்கோ விதையையும் காய வைக்கக் கொண்டுவந்தார்கள். பிறகு வருஷக் கடைசி மழை பிடித்துக்கொண்டது. தகரம் சில்லென்று கிடந்தது. கொப்பரை பிசுபிசுத்து, பச்சையாகப் பூசணம் பூத்தது. அப்பா துடைத்துத் துடைத்துக் கிள்ளானுக்கு ஏற்றிக்கொண்டு போனார். அங்கே கொப்பரை வாங்கும் தவுக்கே ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு லோரியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். லோரியை விட்டு இறங்கிய மனிதர் வீட்டுக்குள்கூட வரவில்லை. நேரே பழைய சூளைக்குப் போய் மட்டையை அடுக்கினார். நான் தடுக்கவில்லை. கெட்டுப்போன சரக்கைச் சாக்குச் சாக்காகக் கண்ணால் பார்த்துக்கொண்டு, நெருப்பு வைக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது? மட்டை மழையில் நனைந்திருந்தது. பற்றிக்கொண்டதும் எப்போதையும்விடக் கனமான புகை எழும்பி, காற்றில்லாததால் மேலே போகாமல் அப்படியே படுத்துக்கொண்டு ரொக்கியா வீட்டுப் பக்கம் ஊர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ரொக்கியா வெளியே வந்தாள். தோளில் துணிப்பை, ஒரு கையில் ஐனி. பிள்ளையின் மூக்கையும் வாயையும் ஈரத் துண்டால் கட்டியிருந்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். அப்பா சூளை வாசலில் நின்றிருந்தார். இந்த மழையில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சபாக்கில் இருக்கும் அம்மா வீட்டுக்கு என்றாள் ரொக்கியா. ஏதாவது விசேஷமா என்று கேட்டார். அவள் குடையைப் பிள்ளை பக்கம் சாய்த்தாள். பிறகு, புகை முடிந்ததும் வந்துவிடுவோம், எப்போதும் அப்படித்தானே என்றாள். குரலில் கோபம் இல்லை. மழை வந்தால் குடை பிடிப்பதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். பிள்ளை துண்டுக்கு மேலே கண்ணை மட்டும் காட்டி அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டியது, லோரி மாமா என்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், நம் புகை அவர்கள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவர்கள் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டிலேயே இருந்த எனக்குத் தெரியவில்லை. துணி எடுப்பதும் ஜன்னல் சாத்துவதும் தெரிந்தது, அதற்குப் பிறகு வீட்டில் ஆளே இல்லை என்பது தெரியவில்லை. பிள்ளைக்குப் பாதிப் படிப்பு கெட்டுப்போய்விட்டது என்று இஸ்மாயில் பின்னால் சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் கொஞ்ச தூரம் போகும்வரை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இரும்புக் கொக்கியை எடுத்து எரிகிற மட்டையை ஒவ்வொன்றாக மழையில் இழுத்துப் போட்டார். முனியாண்டி, "அண்ணே, சரக்கு போயிரும்ணே" என்று கெஞ்சினான். "போனாப் போவுது போ" என்றார். நான் போய் அவரோடு சேர்ந்து இழுத்தேன். இருவருக்கும் உடம்பெல்லாம் கரியாகிவிட்டது. அவர் ரோட்டுக்கு ஓடி, அவர்கள் பஸ் ஏறுவதற்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைய சரக்கு முழுக்கப் போய்விட்டது. நான் கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துத்தான் அந்த மழைக்காலத்தைத் தாண்டினோம். அது தானாகத் தொலைந்ததாக உன்னிடம் சொன்னதும் பொய்தான்.

மழை விட்டதும் அப்பா என்சிக் காமிலைப் போய்ப் பார்த்தார், சண்டைக்கு இல்லை, யோசனை கேட்பதற்கு. வெயில் மட்டும் போதாது, மழையில் என்ன செய்வது என்று கேட்டார். விவசாய இலாகாக்காரர்களும் வந்து பார்த்தார்கள். எல்லோருமாகத் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டு கடைசியில் ஒரு வழி கண்டார்கள். கொட்டகைக்கு வெளியே சின்ன அடுப்பு. அதில் மட்டை போடக் கூடாது, காய்ந்த சிரட்டை மட்டும். சூட்டைத் தகரக் குழாய் தட்டுகளுக்கு அடியில் கொண்டுபோகும். கொஞ்சம் வருகிற புகையும் சரக்கில் படாமல் உயரமான குழாய் வழியே மேலே போய்விடும். வெயில் இருந்தால் வெயில், இல்லாவிட்டால் சிரட்டை. இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. என்சிக் காமில் மறுபடி அந்த அட்டையோடு வந்தபோது, தூக்கிப் பிடித்துப் பார்த்தார், இறக்கினார், மறுபடி தூக்கிப் பார்த்தார். பிறகு அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, இளநீர் இருக்கிறதா என்று கேட்டார்.

இதில் நட்டப்பட்டவன் முனியாண்டி. சிரட்டை அடுப்புக்குத் தனியாக ஆள் வேண்டியதில்லை. நானே பார்த்துக்கொண்டேன். அப்பா அவனைத் தட்டு அடுக்கும் வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார், அதில் பாதிச் சம்பளம்கூட வராது என்று அவன் செம்பனை ஆலைக்குப் போய்விட்டான். போன வாரம் பத்திரிகை வைக்கப் போயிருந்தேன். இப்போது அவன் கண் சிவப்பாக இல்லை, நன்றாகவே இருக்கிறான். வாசலிலேயே வாங்கிக்கொண்டான். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நல்லது செய்தோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அதற்கு வேறு ஒருவன் விலை கொடுத்திருப்பான். அது எனக்குத் தெரியும், அதைத் தெரிந்துகொண்டுதான் இனி எழுதப்போவதையும் எழுதுகிறேன்.

நீ சூப்பர்வைசர் ஆனதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராவாங்கில் இரும்புக்கு முலாம் பூசும் தொழிற்சாலையில் என் மகன் பெரிய வேலையில் இருக்கிறான் என்று கோயிலில்கூடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இதுதான்: "மழ வந்தாப் போதும்மா, எங்க மேனேஜருக்குத் தீபாவளிதான். ஆசிட் தண்ணிக்குச் சுண்ணாம்பு கலக்க வேண்டாம், தேக்கி வெக்க வேண்டாம். அடிக் கொழாயத் தொறந்துவிட்டாக் கால்வாயோட அடிச்சிக்கிட்டுப் போயிரும். ஆபிசருங்க வர்றதெல்லாம் வெயில் நாள்லதான் லா." குழாயைத் திறக்கச் சொல்லி ஆளுக்கு உத்தரவு கொடுப்பது யார் என்று மலரின் அம்மா கேட்டார்கள். "நாந்தான்" என்று சிரித்தாய். அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ கவனிக்கவில்லை.

ராவாங் கால்வாய்த் தண்ணீர் எங்கே போகிறது என்று நினைக்கிறாய்? சின்ன ஆறுகளில் விழுந்து, சுற்றிச் சுற்றிக் கடைசியில் நம் சிலாங்கூர் ஆற்றுக்குத்தான் வருகிறது. நான் மீன் வாங்குவது அந்த ஆற்று வாயில்தான். ஆனால் உனக்கு நான் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை. வழியில் எத்தனையோ லயம், எத்தனையோ கம்பம் இருக்கிறது. அங்கே ரொக்கியா மாதிரி ஒருத்தி வாய் திறக்காமல் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்க்கொண்டிருப்பாள். அவள் உன் மேனேஜரைத் தேடி வரப்போவதில்லை. எங்களுக்காவது வேலிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது. உனக்கு அதுவும் தெரியாது.

மேனேஜரிடம் நேராகப் பேசு. இனி மழை நாளில் குழாயைத் திறக்கச் சொல்ல மாட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். நான் அப்பாவிடம் சொல்லாமல் போனேன், அது தப்பு. அவரைச் சுட்டது சூளை அணைந்ததுகூட இல்லை, முதலில் அவரிடம் சொல்லவில்லையே என்பதுதான். அதனால் நீ முதலில் மேனேஜரிடமே சொல். கோபமாகச் சொல்லாதே. கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய இயந்திரம் வைத்தால் வரியில் ஏதோ சலுகை உண்டு என்று இன்றும் வந்துபோகிற என்சிக் காமில் சொல்கிறார். போய்க் கேட்டால்தான் தெரியும். உன் அப்பாவும் கேட்டதால்தான் பாதி மரம் கிடைத்தது. மேனேஜர் கேட்டுக்கொண்டால் நல்லது. கேட்காவிட்டால் உன் வேலை போகலாம். போகாது என்று சொல்லி நான் உன்னை ஏமாற்ற மாட்டேன்.

இதுவரை எழுதியதை முந்தாநாள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். நேற்றுக் காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. சாயங்காலம் வந்துதான் சொன்னார், கலும்பாங்குக்கு, மலர் வீட்டுக்குப் போயிருக்கிறார். ராவாங்கைத் தாண்டித்தான் போயிருக்கிறார், உன்னைப் பார்க்க இறங்கவில்லை. சம்பந்தியிடம், "பையனுக்கு இந்த வேல நெலைக்காமப் போனாலும் போவலாம். கல்யாணத்துக்கு முன்னாடியே ஒங்ககிட்ட சொல்லிறணும், அதான் வந்தேன்" என்று காரணத்தையும் சொல்லியிருக்கிறார். சம்பந்தி எழுந்து போய் வாசலில் நின்றாராம். பிறகு, "ஊர்ல எல்லாருக்கும் மாப்ள சூப்பர்வைசர்னு சொல்லி வெச்சிட்டமே" என்றாராம். அவர் சொன்னதிலும் குற்றமில்லை, பெண்ணைக் கொடுக்கிறவர். தேத்தண்ணி கொண்டுவந்த மலர்தான் பேசியிருக்கிறாள்: "ஊருக்கு நான் சொல்லிக்கிறேம்பா. எனக்குத்தான் கிளினிக்குல வேல இருக்கே, சாப்பிடாமயா இருந்துருவோம்? மாமா, அவரு அன்னைக்கு அதச் சொல்லிட்டுச் சிரிச்சாரு பாருங்க, அதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க வந்தது நல்லதாப் போச்சி."

சம்பந்தி அப்பாவைப் பஸ் ஸ்டாண்டுவரை சைக்கிளில் கொண்டுவந்து விட்டாராம். தேதியில் மாற்றமில்லை என்று பஸ் ஏறும்போதுதான் சொன்னாராம்.

ஆகவே, நீ தயங்குவதற்கு எங்கள் பக்கத்தில் இனி ஒன்றும் இல்லை, அங்கேயும் ஒன்றும் இல்லை. கடிதம் கைக்கு வந்த மறுநாள் காலையிலேயே போய்ப் பேசிவிடு. வெறும் வயிற்றோடு போகாதே, சாப்பிட்டுவிட்டுப் போ.

அம்மா